பொம்மைப் பெட்டியில் "நான்-டாக்ஸிக்" என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி இதுதான்: பல் முளைக்கும் வயதுக் குழந்தை, கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது. கடையில் வாங்கிய பொம்மையின் பெட்டியில் "நான்-டாக்ஸிக்" (நச்சில்லாதது) என்று அச்சடித்திருக்கிறார்கள். அதை நம்பலாமா? பொம்மைகளில் ஈயமோ கெட்ட ரசாயனமோ இருக்கக்கூடாது என்று இந்தியாவில் சட்டம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், அது உண்மையிலேயே குழந்தையைக் காப்பாற்றுமா?

சட்டம் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்காகச் செய்யப்படும் எந்தப் பொம்மையையும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் இந்தியாவில் தயாரிக்கவோ, இறக்குமதி செய்யவோ, விற்கவோ கூடாது. "நான்-டாக்ஸிக்" என்பது தயாரிப்பாளர் தாமாகவே போட்டுக்கொள்வது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சோதனை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். பெட்டியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. நீங்கள் தேட வேண்டியது ஐஎஸ்ஐ முத்திரையையும், அதன் மேலும் கீழும் உள்ள எண்களையும்தான். அவசரத்தில் படிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த முத்திரை எதைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது, எதைப் பார்ப்பதில்லை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காகத் தொடர்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஈயம். பொம்மைக்குள் ஈயம் எப்படி வருகிறது என்று பலர் கேட்பதுண்டு. பெரும்பாலும் நிறத்தோடுதான் வருகிறது. லெட் குரோமேட் என்ற நிறமி பளிச்சென்ற மஞ்சளையும் ஆரஞ்சையும் தரும். விலை மலிவு, வெயிலில் மங்காது, ஒரே பூச்சில் அடிப்பரப்பை மறைத்துவிடும். அதை நீலத்தோடு கலந்தால் நல்ல பச்சை கிடைக்கும். குழந்தைக்குப் பிடிக்கும் நிறங்களெல்லாம் இந்த வரிசையில்தான் இருக்கின்றன. இன்னொரு வழி பிவிசி பிளாஸ்டிக். சூட்டில் அது சிதையாமல் இருக்க ஈய உப்புகளைச் சேர்க்கும் பழக்கம் வெகுகாலம் இருந்தது. மூன்றாவது, மலிவான உலோகக் கலவையில் வார்த்த சின்னச் சின்ன பதக்கங்கள், சாவிக்கொத்துகள், விளையாட்டு நகைகள்.

பெரியவர்களுக்கும் ஈயம் கெடுதல்தான். ஆனால் ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனால், சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைப்போல் நான்கைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உறிஞ்சிய ஈயம் எலும்பிலும் பல்லிலும் தங்கிவிடும். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையை அது பாதிக்கும். கவனம், படிப்பு, நடத்தை எல்லாவற்றிலும் அதன் விளைவு தெரியும். ஒருமுறை ஏற்பட்ட அந்தப் பாதிப்பை மருந்து கொடுத்துத் திருப்ப முடியாது. இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவே ஈயத்துக்குக் கண்டறியப்படவில்லை.

ஈயம் கையில் ஒட்டி வாய்க்குப் போகிறது என்பதை மருத்துவம் தெரிந்துகொண்டு நூறு ஆண்டுக்கு மேலாகிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் கண் மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன், குழந்தைகளுக்கு வந்த ஈய நச்சுக்குக் காரணம் வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளில் அடித்த பெயின்ட்தான் என்று 1904-லேயே எழுதினார். வெயிலில் பொடியாகிப்போன பெயின்ட் குழந்தையின் விரலில் ஒட்டும், விரல் வாய்க்குப் போகும். அவ்வளவுதான். அந்த மாகாணம் இதற்காகச் சட்டம் போட 1922 வரை ஆனது. தெரிந்ததற்கும் தடுத்ததற்கும் நடுவே 18 ஆண்டு. பொம்மைச் சட்டங்களின் வரலாறு முழுக்க இந்த இடைவெளியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

இரண்டாவது, தாலேட்டுகள். பிவிசி இயல்பிலேயே கெட்டியான பிளாஸ்டிக். தண்ணீர்க் குழாய்களைப் பார்த்தாலே தெரியும். அதே பிவிசியில் செய்த குளியல் வாத்து அழுத்தினால் அமுங்குகிறதென்றால், அதில் மென்மையாக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருள் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வேலைக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டவை தாலேட்டுகள். மிக மென்மையான பொருள் என்றால் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட அதுவாகவே இருக்கும். சிக்கல் என்னவென்றால், அது பிளாஸ்டிக்கோடு வேதியியல் முறையில் பிணைந்திருப்பதில்லை, இடையில் சும்மா தங்கியிருக்கிறது. குழந்தை வாயில் வைத்துச் சப்பும்போது, கடிக்கும்போது, எச்சிலோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். டிஇஹெச்பி, டிபிபி, பிபிபி என்ற மூன்றும் ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிட்டு, குறிப்பாக ஆண் குழந்தைகளின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியவை என்று விலங்குச் சோதனைகள் தெளிவாகக் காட்டின. ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் ஆறு தாலேட்டுகளை அவசரத் தடையாக நிறுத்தியது. 2005-ல் அதை நிரந்தரச் சட்டமாக்கியது.

சோதனை எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் சட்டத்தில் உள்ள எண்களுக்குப் பொருள் புரியும். பிளாஸ்டிக், பெயின்ட் போன்றவற்றை ஆய்வகத்தில் பரிசோதிக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தியாவில் இதற்கான தரநிலை ஐஎஸ் 9873, பகுதி 3. பொம்மையில் பூசிய பெயின்ட்டை, அடியிலுள்ள மரமோ பிளாஸ்டிக்கோ சேர்ந்து வராதபடி பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். பொறுமை சோதிக்கும் வேலை அது. மஞ்சள் தனி, சிவப்பு தனி, பச்சை தனி. சுரண்டியதை அரை மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, அந்தத் தூளின் எடையைப்போல் 50 மடங்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவோம். 37 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் குலுக்கி, இன்னொரு மணி நேரம் அசையாமல் வைப்போம். அமிலத்தின் வீரியமும் சூடும் நேரமும் குத்துமதிப்பாக வைத்தவையல்ல. குழந்தை பெயின்ட் சில்லை விழுங்கினால் வயிற்றில் என்ன நடக்குமோ அதைத்தான் கண்ணாடிக் குடுவைக்குள் நடத்திப் பார்க்கிறோம். பிறகு அமிலத்தை வடிகட்டிக் கருவியில் கொடுத்தால், அதில் கரைந்து வந்த உலோகம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இந்தப் பகுதியில் எட்டுத் தனிமங்களுக்கு வரம்பு இருக்கிறது: ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக், குரோமியம், ஆன்டிமனி, பேரியம், செலினியம். பெயின்ட்டில் ஒரு கிலோவுக்கு ஈயம் 90 மில்லிகிராம், காட்மியம் 75, பாதரசம் 60, ஆர்சனிக் 25 வரைதான் கரைந்து வரலாம். களிமண்போல் உருட்டி விளையாடும் பொருள்களுக்கும், விரலால் தொட்டு வரையும் வண்ணங்களுக்கும் சில தனிமங்களில் வரம்பு இன்னும் கடுமை. அவை கையிலும் வாயிலும் அதிகம் படும் என்பதுதான் காரணம். தாலேட்டுகளுக்கு அதே தரநிலையின் பகுதி 9 இருக்கிறது. அங்கே வரம்பு எடையில் 0.1 சதவீதம்.

இங்கே ஒரு நுணுக்கம் பலருக்குத் தப்பிவிடுகிறது. அமெரிக்கச் சட்டமும் பொம்மைப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 என்றுதான் சொல்கிறது, நம் தரநிலையும் 90 என்றுதான் சொல்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்காவின் 90, பெயின்ட்டில் மொத்தம் இருக்கும் ஈயம். நம்முடைய 90, அமிலத்தில் கரைந்து வரும் ஈயம் மட்டும். லெட் குரோமேட் நீர்த்த அமிலத்தில் லேசில் கரையாது. ஆக, மொத்த ஈயம் 90-ஐத் தாண்டிய பெயின்ட்கூட கரைசல் சோதனையில் தேறிவிட இடமுண்டு. என் கருத்தில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். விழுங்கிய சில்லு மட்டுமா ஆபத்து? பெயின்ட் தேய்ந்து தூசியாகித் தரையில் படிவதும் இருக்கிறது, உடைந்த பொம்மையை எரிப்பதும் இருக்கிறது. அங்கெல்லாம் மொத்த ஈயம்தான் கணக்கு.

மொத்த ஈயத்தை வைத்து இந்தியாவில் ஒரு விதி இருக்கவே செய்கிறது. வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு, அதாவது கிலோவுக்கு 90 மில்லிகிராம்) மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் விதி வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது தொழில்துறைப் பெயின்ட்டுகளுக்குப் பொருந்தாது. சின்னப் பட்டறையில் பொம்மைக்கு வண்ணம் அடிப்பவர் வாங்கும் டப்பா எந்த வகை என்பதைப் பொறுத்து விஷயம் மாறிவிடும். வண்ணம் அடிப்பவருக்கு அது தெரியாமலே போகலாம்.

இவ்வளவு வரம்புகள் இருந்தும் எது குழந்தையைக் காப்பாற்றுகிறது என்று கேட்டால், எண்ணைவிட முக்கியமானது "எப்போது சோதிக்கிறார்கள்" என்பதுதான் என்பேன். இதற்கு அமெரிக்காவில் நடந்ததைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அங்கே பெயின்ட்டில் ஈயத்துக்கு வரம்பு 1978-லிருந்தே இருந்தது, 600 பிபிஎம். ஆனால் விற்பனைக்கு வரும் முன் வெளி ஆய்வகத்தில் சோதித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2006-ல் மினியாபொலிஸ் நகரில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று வாந்தியோடு மருத்துவமனைக்கு வந்தது. சாதாரண வயிற்றுக் கோளாறு என்றே முதலில் எடுத்துக்கொண்டார்கள். சில நாளில் குழந்தை இறந்துவிட்டது. ஷூ வாங்கியதற்கு இலவசமாகக் கொடுத்த கைச்சங்கிலியில் தொங்கிய இதய வடிவப் பதக்கம் வயிற்றில் இருந்தது. அதைச் சோதித்ததில் 99 சதவீதம் ஈயம். அது பொம்மையும் இல்லை, பெயின்ட்டும் இல்லை என்பதால் பெயின்ட் வரம்பு அதைத் தொடவே இல்லை.

அடுத்த ஆண்டு வெள்ளம்போல் வந்தது. 2007 ஜூனில் தாமஸ் ரயில் மரப் பொம்மைகள் சுமார் 15 லட்சம், ஆகஸ்டில் மேட்டல் நிறுவனத்தின் ஃபிஷர்-பிரைஸ் பொம்மைகள் என்று வரிசையாகத் திரும்பப் பெற்றார்கள். காரணம் ஈயப் பெயின்ட். சீனாவில் ஒப்பந்தத் தொழிற்சாலைகள், அவர்களுக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர்கள், அவர்களுக்கு நிறமி விற்கிறவர்கள் என்று நீண்ட சங்கிலி. அதில் ஒரு கண்ணியில் நிறமி மாறினாலும் கடைசியில் பொம்மையைப் பெட்டியில் அடைப்பவருக்குத் தெரியாது. உலகின் மிகப் பெரிய பொம்மை நிறுவனத்தாலேயே அதைப் பிடிக்க முடியவில்லை. 2009-ல் மேட்டல் 23 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

இதன் விளைவாக 2008 ஆகஸ்ட் 14-ல் புதிய நுகர்வோர் பொருள் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. 12 வயது வரையிலான குழந்தைகளின் பொருள்களில், பெயின்ட்டில் மட்டுமல்லாமல் பொருளின் எந்தப் பகுதியிலும் ஈயத்துக்கு வரம்பு வந்தது. 600 பிபிஎம்மில் தொடங்கி, 300 ஆகி, 2011-ல் 100-க்கு இறங்கியது. பெயின்ட்டில் 90. தாலேட்டுகளுக்கு 0.1 சதவீதம். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகம் சோதித்த பிறகே விற்பனை. குழந்தை இறந்த பின் காரணம் தேடுவதற்கும், கடைக்கு வரும் முன் பொம்மையைச் சோதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நம் நாட்டில் 2021-ல் அமலான பொம்மை உத்தரவும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதனால்தான் அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் எந்தச் சட்டமும் தனக்குப் பெயர் தெரிந்த நச்சைத்தான் தடுக்கும். 2007 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் சில குழந்தைகள் நினைவிழந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். தண்ணீர் தெளித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வண்ண மணிகளை விழுங்கியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பின்டீஸ் என்றும் அமெரிக்காவில் அக்வா டாட்ஸ் என்றும் விற்ற பொம்மை அது. அந்த மணிகளின் பூச்சில் 1,5-பென்டேன்டையால் என்ற பொருள் இருந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் அதற்குப் பதிலாக விலை குறைந்த 1,4-பியூட்டேன்டையாலைப் போட்டுவிட்டார்கள். இந்த இரண்டாவது பொருள் உடலுக்குள் போனதும் ஜிஹெச்பி என்ற மயக்க மருந்தாக மாறும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 42 லட்சம் பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். ஈயம், காட்மியம், பாதரசம் என்று எத்தனை முறை சோதித்திருந்தாலும் அந்த மணிகள் தேறியிருக்கும்.

காட்மியத்தின் கதையும் இப்படித்தான். ஈயத்தைத் தடுத்த பிறகு, 2010-ல் அமெரிக்கக் கடைகளில் இருந்த மலிவான குழந்தை நகைகளைச் சோதித்த செய்தியாளர்கள், ஈயம் இருந்த இடத்தில் காட்மியத்தைக் கண்டார்கள். ஒரு நச்சை மட்டும் பெயர் சொல்லித் தடுத்தால், தொழில் அடுத்த மலிவான பொருளுக்குத் தாவும்.

இந்த ஓட்டையை ஐரோப்பா வேறு விதமாக அடைக்கப் பார்த்தது. 2009-ல் வந்த பொம்மைப் பாதுகாப்பு நெறிமுறை, எட்டுக்குப் பதிலாக 19 தனிமங்களுக்கு வரம்பு வைத்தது. ஒவ்வாமை தரும் 55 நறுமணப் பொருள்களை மொத்தமாக விலக்கியது. அதைவிட முக்கியமாக, புற்றுநோய் தருபவை, மரபணுவைக் கெடுப்பவை, இனப்பெருக்கத்தைப் பாதிப்பவை என்று வகைப்படுத்திய ரசாயனங்களைக் குழந்தையின் கைபடும் பாகங்களில் பொதுவாகவே தடுத்தது. ஒரு ரசாயனம் அந்த வகைக்குள் வந்துவிட்டால், பொம்மைக்கென்று தனியாகப் பெயர் எழுதக் காத்திருக்க வேண்டியதில்லை. ஈயத்தின் வரம்பையும் 2018-ல் இன்னும் கீழே இறக்கினார்கள். சுரண்டி எடுக்கும் பெயின்ட்டில் 160 ஆக இருந்தது 23 ஆயிற்று. 2025-ல் இதற்குப் பதிலாக வந்த புதிய ஒழுங்குமுறை, ஹார்மோன் வேலையைக் கெடுக்கும் பொருள்களையும் இந்தப் பொதுத் தடைக்குள் கொண்டுவருகிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வருவது 2030-ல். நம் சட்டம் அடுத்து போக வேண்டிய திசை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி நம் ஊர்க் கதை. ஐஎஸ் 9873 நெடுங்காலமாகவே இருந்தது, ஆனால் விருப்பப்பட்டவர்கள் பின்பற்றலாம் என்ற அளவில். 2009 ஜனவரியில் சீனப் பொம்மை இறக்குமதியை மத்திய அரசு ஆறு மாதத்துக்குத் தடை செய்தது. மார்ச்சிலேயே, சர்வதேசத் தரச் சான்று இருந்தால் வரலாம் என்று தளர்த்தியது. 2010 தொடக்கத்தில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் சந்தையில் வாங்கிய 24 பொம்மைகளைச் சோதித்து முடிவை வெளியிட்டது. எல்லாவற்றிலும் தாலேட் இருந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் சர்வதேச வரம்பைத் தாண்டியிருந்தது. அப்போது தாலேட்டுக்கு இந்தியாவில் கட்டாய வரம்பே இல்லை. 2017-ல் இறக்குமதிப் பொம்மைகளுக்கு இந்தியத் தரநிலை கட்டாயமானது. 2019-ல் இந்தியத் தரக் கவுன்சில் இறக்குமதிப் பொம்மைகளைச் சோதித்தபோது 66.90 சதவீதம் தேறவில்லை. காகிதத்தில் சான்று இருந்தும் சரக்கு வேறாக இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதன் பிறகுதான் பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு உத்தரவு, 2020 பிப்ரவரியில். செப்டம்பரில் அமலாக வேண்டியது, கொரோனாவால் 2021 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அதே சமயத்தில் பொம்மைகளின் சுங்க வரியும் 20-லிருந்து 60 சதவீதமாக உயர்ந்தது, பிறகு 2023-ல் 70 ஆனது. உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் நோக்கமும் இதில் இருக்கிறது என்பது வெளிப்படை. குழந்தையின் உடம்புக்கு நன்மை வருமென்றால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உள்நாட்டுப் பொம்மை என்றாலே பாதுகாப்பானது என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். அதே மஞ்சள் நிறமி இங்கேயும் கிடைக்கிறது.

உத்தரவின்படி, தயாரிப்பாளர், ஐஎஸ்ஐ முத்திரை வழங்கும் மத்திய அரசின் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸிடம் உரிமம் வாங்க வேண்டும். வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கும் இதே விதி, இறக்குமதியாளர் பெயரில் அல்ல, அந்தத் தொழிற்சாலையின் பெயரில். மின்சாரமோ பேட்டரியோ இல்லாத பொம்மை என்றால் ஐஎஸ் 9873, மின்பொம்மை என்றால் ஐஎஸ் 15644. தரமுத்திரை இல்லாமல் விற்பது மட்டுமல்ல, விற்பனைக்கு அடுக்கி வைப்பதும் குற்றம். 2016-ஆம் ஆண்டு பிஐஎஸ் சட்டம் வகுத்த தண்டனை: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது முதல் முறை 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அடுத்தடுத்த முறை 5 லட்சத்துக்குக் குறையாதது. பொருளின் மதிப்பைப்போல் பத்து மடங்கு வரை அபராதம் போகலாம். "நான் வாங்கி விற்கிறவன், எனக்கென்ன தெரியும்" என்று கடைக்காரர் ஒதுங்க முடியாது.

கைவினைஞர்களுக்கு விலக்கு இருக்கிறது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பிரிவில் பதிவு செய்த கைவினைஞர் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கு அதன் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்கள் செய்பவற்றுக்கும் ஐஎஸ்ஐ கட்டாயமில்லை. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, சன்னபட்ணா மரப் பொம்மை போன்றவை இதில் வரும். இந்த விலக்கை நான் ஆதரிக்கிறேன். குடும்பமே உட்கார்ந்து செய்யும் வீட்டுத் தொழிலில் ஆய்வகக் கட்டணத்தை ஏற்றினால் தொழிலே அழிந்துபோகும். அமெரிக்காவில் 2008 சட்டம் வந்ததும் மரப்பொம்மை செய்யும் சிறு கைவினைஞர்கள் இப்படித்தான் திண்டாடினார்கள். 2011-ல் திருத்தம் கொண்டுவந்து சிறு அளவில் செய்பவர்களுக்கு வழிவிட வேண்டியிருந்தது. ஆனால் சான்றிதழிலிருந்துதான் விலக்கு, நச்சுத்தன்மையிலிருந்து அல்ல. கடைசலில் மரத்தைச் சுழலவிட்டு அரக்கும் தாவர நிறமும் ஏற்றிய சொப்புச் சாமானும், அதே மரத்தில் கடையில் வாங்கிய எனாமல் அடித்த சொப்புச் சாமானும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். செய்தவரிடமே "என்ன வண்ணம் போட்டீங்க?" என்று கேளுங்கள். இயற்கை நிறத்தில் செய்பவர்கள் மகிழ்ச்சியோடு விளக்கிச் சொல்வார்கள். பூச்சே இல்லாத மரப்பாச்சி என்றால் இந்தக் கவலையே இல்லை.

சட்டத்தின் கை எட்டாத இடங்கள் எவை? திருவிழாக் கடைகள், சிக்னலில் விற்பவை, தெருவோரம் குவித்துப் போட்ட உதிரிப் பொம்மைகள், தின்பண்டப் பாக்கெட்டோடு வருபவை. பெட்டியே இல்லாத பொருளில் முத்திரையை எங்கே தேடுவது? அங்கே விற்பவர்களும் ஏழைகள். அவர்களைப் பிடித்து அபராதம் போடுவதால் ஒன்றும் ஆகாது. அந்தச் சரக்கு மொத்தமாக இறங்கும் கிடங்கில்தான் சோதனை நடக்க வேண்டும். ஆன்லைன் கடைகளிலும் முத்திரையில்லாத பொம்மைகள் விற்றதாக 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பெரிய தளங்களுக்கே நோட்டீஸ் அனுப்பியது.

இன்னொரு இடம், நம் வீட்டுப் பரண். அக்கா பிள்ளை விளையாடியது, அண்ணன் பிள்ளை விளையாடியது என்று பழைய பொம்மைகளைக் கொடுத்து வாங்குவது நம் வழக்கம். 2018-ல் இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில், வீடுகளிலும் மழலையர் பள்ளிகளிலும் பழைய பொருள் கடைகளிலும் சேகரித்த 200 பழைய பிளாஸ்டிக் பொம்மைகளை எக்ஸ்-கதிர்க் கருவியால் சோதித்தார்கள். மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறப் பொம்மைகளில் ஈயம், காட்மியம் போன்றவை அதிகம் தென்பட்டன. கறுப்பு ஏன் என்றால், உடைந்த மின்சாதனங்களின் பிளாஸ்டிக்கை உருக்கி மறுபடி பயன்படுத்தும்போது, தீப்பிடிக்காமல் இருக்க அதில் சேர்த்திருந்த புரோமின் ரசாயனங்களும் கூடவே வந்துவிடுகின்றன. துணிப் பொம்மை, மரப் பொம்மை, புத்தகம் போன்றவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய, வண்ணம் உரியும் பொம்மையையும் பிசுபிசுக்கும் மென் பிளாஸ்டிக்கையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். தாலேட் மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வருவதால்கூட அந்தப் பிசுபிசுப்பு வரும்.

கடையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 9873 அல்லது ஐஎஸ் 15644 என்ற எண் இருக்க வேண்டும். கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத வெறும் ஐஎஸ்ஐ படம் யாரும் அச்சடிக்கக்கூடியது. பிஐஎஸ் கேர் என்ற செயலியைப் போனில் இறக்கி, உரிம எண்ணைத் தட்டினால் தொழிற்சாலையின் பெயர், எந்தப் பொருளுக்கு உரிமம், அது நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். பெட்டியில் உள்ள பெயரும் செயலியில் வரும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எண் உண்மையாக இருந்து, அது வேறு பொருளுக்கான உரிமமாக இருந்தால் அதுவும் மோசடிதான். ஐரோப்பாவின் சிஇ குறி இருக்கிறது என்று சிலர் காட்டுவார்கள். இந்தியச் சட்டத்துக்கு அது ஈடாகாது. பெரும்பாலான பொம்மைகளில் அதைத் தயாரிப்பாளரே தம் பொறுப்பில் போட்டுக்கொள்கிறார்.

சந்தேகமான பொம்மையை வாங்கிவிட்டீர்கள் என்றால், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். ரசீது, முத்திரை இருக்கும் பக்கம், தயாரிப்பாளர் முகவரி மூன்றையும் படமெடுத்து வையுங்கள். அதே செயலியில் புகார் பதியலாம், அல்லது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். பொம்மையால் குழந்தைக்குப் பாதிப்பு வந்திருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்ற தனிப் பிரிவின் கீழ் தயாரிப்பாளரிடமும், சில சூழல்களில் விற்பவரிடமும் இழப்பீடு கேட்க முடியும்.

குழந்தை பெயின்ட் சில்லை விழுங்கிவிட்டது, அல்லது வண்ணம் உரிந்த பொம்மையைப் பல நாள் சப்பிக்கொண்டிருந்தது என்றால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குறைந்த அளவு ஈயம் வெளியே எந்த அறிகுறியும் காட்டாது. குழந்தை மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி, ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். விரல் நுனியில் எடுத்த ரத்தத்தில் அளவு கூடுதலாக வந்தால், தோலில் ஒட்டியிருந்த தூசியாலும் அது வரலாம் என்பதால், கையின் ரத்தக்குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தில் மறுபடி உறுதிசெய்வார்கள். டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்பதை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் கவனிக்க வேண்டிய அளவாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் வந்தால் முதல் சிகிச்சை மருந்தல்ல, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை வீட்டிலிருந்து அகற்றுவதுதான். அதற்காகவே அந்தப் பொம்மையை ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். அதனால் ரத்தசோகை இருக்கிறதா என்பதையும் அதே வேளையில் பார்த்துவிடுவது நல்லது.